கண்ணி

பதின்மூன்றாம் நாள் ராத்திரி
மஞ்சக்குட்டையில் அம்மா வீட்டுப் பாயில்
புரண்டு படுத்தேன்.
சத்தமில்லை. சூடு மட்டும்.

"தீட்டுதானே, போகட்டும்" என்றாள் சித்தி.
விளக்கைப் போட்டதும்
அவளே போனைத் தேடினாள்.

மலையிறங்கும் பாதையில்
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும்
எண் எழுதியிருக்கிறது. இருபதிலிருந்து ஒன்று.
நூற்றெட்டு வண்டிப் பையன் துணிகளை எண்ணினான்.
நான் வளைவுகளை எண்ணினேன்.
"பேர் சொல்லுங்கக்கா" என்பான் வளைவுக்கு வளைவு,
நான் தூங்கிவிடக் கூடாதாம்.
பவளக்கொடி. பவளக்கொடி.
ஒன்பதாம் வளைவில் பாதிதான் வந்தது: பவள.
கீழே சேலம்,
யாரோ பட்டறைத் தட்டைக் கவிழ்த்துவிட்ட மாதிரி
அத்தனை வெள்ளிப்பொடி.

"நஞ்சு கொஞ்சம் தங்கியிருக்கும், சுரண்டி எடுத்துவிடலாம்."
கையெழுத்தும் போட்டாயிற்று.
டாக்டர் யாழரசி மட்டும்
"ஒரு ஸ்கேன்" என்றார், கலர் ஸ்கேன்.

திரையில் சிவப்பும் நீலமும்
ஒரு சின்ன வட்டத்துக்குள்
ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன,
கிரைண்டரில் மாவு சுற்றுவதுபோல.

"நஞ்சு இல்லை.
ஆபரேஷனில் குழாய் ஒன்று லேசாகக் கீறியிருக்கிறது.
கசிந்த ரத்தம் தனக்கொரு அறை பிடித்துவிட்டது.
அந்த அறைக்குச் சுவர் கிடையாது."

"சுரண்டியிருந்தால்?" என்றார் என் வீட்டுக்காரர்.
டாக்டர் பதில் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றினார்,
ஒவ்வொரு விரலாக.

தொடையில்தான் மரத்துப்போக ஊசி.
கண் விழித்தேதான் இருந்தேன்.
மருந்து போனதும் அடிவயிறெல்லாம் வெந்நீர்.
திரையில் ஒரு கறுப்பு மரம் முளைத்தது.
எஸ்டேட்டில் சில்வர் ஓக்கைச் சுற்றி
மிளகுக்கொடி நெளிந்து நெளிந்து ஏறுமே,
அப்படித்தான் கருப்பைக்குப் போகிறது அந்தக் குழாய்.
அதன் நுனியில்
கோலிக்குண்டு அளவுக்கு
ஒற்றை மிளகு.

"இப்ப ஒரு கம்பி வைக்கப்போறோம்மா."
"என்ன கம்பி சார்?"
"பிளாட்டினம்."
"கேஜ் எவ்வளவு?"

அறையே சிரித்தது.
பள்ளப்பட்டியில் ஏழு வருஷமாக
கொலுசுக்குக் கண்ணி கோர்க்கிறவள் நான்,
கம்பி என்றால் கேட்கமாட்டேனா?
ஒருவர் மட்டும் சிரிக்காமல் சொன்னார்:
"முடியைவிடக் கொஞ்சம் தடிமன்."

நேராகத்தான் போனது.
போய்ச் சேர்ந்ததும் தானாகச் சுருண்டுகொண்டது,
பொடியில்லை, ஊதுகுழலில்லை.
அவ்வளவு நெருக்கமாக ஒரு கண்ணிகூட
நான் வளைத்ததில்லை.
மறுபடி மருந்து விட்டார்கள்.
மரம் வந்தது. கொடி வந்தது.
மிளகு வரவில்லை.

பக்கத்துப் படுக்கை அயோத்தியாப்பட்டணத்துக்காரிக்குச்
சுகப்பிரசவம். கத்தியே படவில்லை.
பிள்ளைக்காக விரிந்த குழாய்கள்
பிள்ளை வெளியே வந்த சேதி தெரியாமல்
திறந்தே கிடந்தனவாம்.
"வீட்டைக் காலி பண்ணியும்
பைப்பை மூடாத குடித்தனக்காரன் மாதிரி" என்றாள்.
அவளுக்கு மருந்திலேயே நின்றுவிட்டது.
போகும்போது எனக்கு
அரை சீப்பு பழம் வைத்துவிட்டுப் போனாள்.

நான்கு பாட்டில் ரத்தம் யார் யாருடையதோ.
அதில் ஒருவனாவது
என் கண்ணி போட்ட கொலுசை
வாங்கிப்போயிருப்பான் என்று
நானாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது மறுபடி வேலை.
காலையில் வெள்ளியை நிறுத்துத் தருவார்கள்,
சாயங்காலம் நிறுத்து வாங்குவார்கள்,
சேதாரத்துக்கு இத்தனை மில்லி என்று கணக்கு.
துடைப்பத்தைக்கூட உதறிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.
உதறிய முந்தானையோடு
தராசைக் கடந்து வெளியே வருகிறேன்,
வயிற்றுக்குள் பிளாட்டினத்தோடு.

பிள்ளைக்கு விக்கல்.
முதுகைத் தட்டிக்கொண்டே
அம்மா நேற்றுதான் கேட்டாள்,
ரொம்ப நாளாக மனதில் இருந்ததுபோல:

"அந்தக் கம்பியைத் திருப்பிக் கொடுக்கணுமாடி?"

வேண்டாமாம் என்றேன்.